பிரித்துப் பூட்டிய கிட்டார்

6,500 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணத்துக்குப் பளபளவென்று ஒரு புதுக் கிட்டாரே வாங்கலாம், உறையும் தோள்வாரும் இலவசமாகத் தருவார்கள் என்று பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொன்னான். வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. ஆனால் வராந்தா சுவரில் நான் அதைச் சாய்த்து வைத்தபோது அவர் பார்த்த பார்வையில் அதே கணக்குத்தான் ஓடியது. ஆறு கம்பிகளில் இரண்டு இல்லை. மேற்பலகையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து நிறுத்தும் மரத்துண்டான பிரிட்ஜைத் துளைத்து யாரோ இரண்டு இரும்பு போல்ட்டுகளை முடுக்கியிருந்தார்கள். அதுவும் போதாதென்று சுற்றிலும் எபாக்ஸிப் பசையைக் குழைத்து அப்பியிருந்தார்கள். இருக்கிற கம்பிகளும், கழுத்தில் விரலால் அழுத்தி வாசிக்கும் ஃபிரெட்போர்டிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. அழுத்தினால் விரல் வெட்டுப்படும்.

பாளையங்கோட்டையில் கிட்டாருக்குப் பஞ்சமே கிடையாது. டிசம்பர் பிறந்தால் கீத பவனி வண்டிக்கு ஒன்று, வாலிபர் கூட்டத்துக்கு ஒன்று, ஞாயிறு பள்ளிக்கு ஒன்று என்று தெருவுக்கு நாலு வெளியே வரும். சமாதானபுரத்தில் வளர்ந்த நானும் பாடகர் குழுவில் பதினெட்டு வயதில் கிட்டார் தூக்கியவள்தான். நாங்கள் வாசித்ததெல்லாம் ஒட்டுப்பலகைக் கிட்டார்கள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் வெயிலையும் வாலிபர் கூட்டத்தையும் தாங்க ஒட்டுப்பலகையால்தான் முடியும். ஆனால் பழைய கிட்டார் என்று நம்பக்கத்தில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான். அதைச் செப்பனிடச் செலவழிப்பது வீண்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விடுவதாகவும், வீட்டுச் சாமான்களை விற்பதாகவும் கேள்விப்பட்டு, ஹார்மோனியம் ஒன்று இருக்கிறதாமே என்று பார்க்கத்தான் போனேன். ஹார்மோனியம் முந்தைய நாளே போய்விட்டது. பாய் சுருட்டி வைத்திருந்த கட்டிலில் இது கிடந்தது. நான் முதலில் பார்த்தது அதன் ஒலித்துளையின் விளிம்பை. ஒட்டுப்பலகையாக இருந்தால் அந்த விளிம்பில் அடுக்கடுக்காக மூன்று கோடுகள் தெரியும். ஒரே மரப்பலகையாக இருந்தால் மேலே ஓடும் மர ரேகை அப்படியே விளிம்பிலும் இறங்கி வரும். இதில் இறங்கி வந்தது. பவுடர் டப்பாக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி உள்ளே விட்டு, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். பின்பலகையின் உட்புறத்தில் மங்கிய மையில் எச்1260 என்று ஒரு முத்திரை, சற்றுத் தள்ளி எஃப்-66 என்று இன்னொன்று.

"டீச்சர், உள்ளே எலி எதுவும் இருக்கிறதா?" என்று கேட்டார் சார்.

எச்1260 என்றால் ஹார்மனி நிறுவனத்தின் சாவரின் வகைக் கிட்டார். சிகாகோவில் செய்தது. 66 என்பது செய்த ஆண்டு. ஆக, 1966. ஹார்மனி நிறுவனம் 1892-இல் தொடங்கியது. பிறகு சியர்ஸ் அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் கைக்குப் போய், பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்பினால் வீட்டுக்கே கிட்டார் வரும் என்ற வியாபாரத்தில் கொழித்தது. 1960-களின் நடுவில் அதன் உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் வாத்தியங்கள் அங்கிருந்து போயின. 1975-இல் மூடிவிட்டார்கள். சாவரின் அவர்களுடைய மலிவு வகைகளில் சேராது. ஸ்புரூஸ் மேற்பலகை, மஹோகனி பக்கங்களும் பின்பலகையும், எல்லாம் ஒற்றைப் பலகை. லெட் செப்பலின் ராக் குழுவின் ஜிம்மி பேஜ் வைத்திருந்ததும் ஓர் எச்1260தான். அப்படியும் அது மார்ட்டின், கிப்சன் போன்ற உயர்ந்த கிட்டார் நிறுவனங்களின் வரிசையில் உட்காராத வாத்தியம். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை வாங்கக்கூடிய விலையில் இருந்தது.

அது நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்துக்கு எப்படி வந்தது? பீஸ் கோர் என்று அமெரிக்க அரசு இளைஞர்களை ஊர் ஊராக அனுப்பிய திட்டம் இந்தியாவில் 1976 வரை நடந்தது. கோழி வளர்ப்பு கற்றுத்தர வந்த ஒரு பையன் சார் வேலை பார்த்த ஊரில் தங்கியிருக்கிறான். திரும்பிப் போகும்போது சூட்கேஸையும் கிட்டாரையும் ஒன்றாகத் தூக்க முடியாது என்று இவரிடம் விட்டுப் போயிருக்கிறான். "பாட்டும் சுமார், கோழியும் சுமார். ஆனால் நல்ல பையன்" என்றார் சார். 5,000 என்று ஆரம்பித்தவர், நான் ஒலித்துளையிலிருந்து தலையை எடுத்த விதத்தைப் பார்த்து 7,000 என்றார். அரை நூற்றாண்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவரிடம் நான் நடித்திருக்க முடியாது.

கிட்டாரைப் பார்க்கிறவர்கள் வெடிப்பைக் கண்டுதான் பயப்படுவார்கள். வெடிப்பு சின்ன விஷயம். பயப்பட வேண்டியது கழுத்தைக் கண்டு. பன்னிரண்டு அளவுக் கம்பிகள் (மிக மெல்லியது 0.012 அங்குலத் தடிமன்) ஆறையும் சுதி சேர்த்தால் மொத்த இழுவை 70 கிலோவைத் தாண்டும். அத்தனை எடை இரவும் பகலும் கழுத்தை முன்னால் இழுக்கிறது, பிரிட்ஜுக்கு அடியில் பலகையை உப்ப வைக்கிறது. ஐம்பது ஆண்டு இப்படி இழுத்தால் எந்த மரமும் சாயும். மேற்பலகைக்கு அடியில் மார்ட்டின் கிட்டார்களில் சட்டங்களைப் பெருக்கல் குறியாகக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஹார்மனியில் ஏணிப்படி மாதிரி இணையாக வைத்திருப்பார்கள். செய்வது எளிது, உப்புவதும் எளிது. கழுத்து முன்னே சாய்ந்ததும் கம்பி உயரும். கம்பி உயர்ந்ததும் வாசிப்பவர் பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டான சாடிலை ராவித் தாழ்த்துவார். ராவுவதற்கு மேலே எலும்பு இல்லாமல் போனதும் பிரிட்ஜையே ராவுவார். பிறகு போல்ட் போடுவார். என் கையில் வந்த கிட்டாரில் இந்த வரலாறு முழுவதும் எழுதியிருந்தது.

நீளமான இரும்பு ஸ்கேலை, ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் மேல் கிடத்தி பிரிட்ஜ் வரை நீட்டிப் பார்த்தால் கழுத்தின் கோணம் தெரிந்துவிடும். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல்தளத்தைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்கு அது மேல்தளத்துக்கு 4 மில்லிமீட்டர் கீழே போய் முட்டியது. கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பூட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அதற்கு ஆள் வேண்டும். முருகன்குறிச்சியில் கிட்டார் விற்கிற கடை உண்டு, கம்பி மாற்றித் தருகிற பையன்கள் உண்டு; கழுத்தைக் கழற்றுகிறவர் யாரும் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தொடப் போகிறார். அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாசிப்பைப் பற்றியோ விலையைப் பற்றியோ கேட்கவில்லை. கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் நகத்தால் கீறி, மோந்து பார்த்தார். "வச்சிரம்" என்றார். மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய காலத்துப் பசை அது. "உள்ளே புறாவால் மாதிரி விரிந்து பூட்டும் டவ்டெயில் பொருத்துதானே? மேஜை டிராயருக்குப் போடுகிற அதேதான். ஆவி காட்டினால் விட்டுவிடும். இந்தப் பிரிட்ஜில் அப்பியிருக்கிறானே, அதுதான் சனியன். வச்சிரத்தை அவிழ்க்கலாம் டீச்சர். இதைப் பிய்க்கத்தான் முடியும்."

இந்த இடத்தில் என் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வாத்தியத்தில் ஒட்டுகிற எதையும் நாளைக்கு இன்னொருவர் பிரிக்கக்கூடிய வகையில்தான் ஒட்ட வேண்டும். பிரிக்க முடியாத பசை பலம் என்று கடைகளில் சொல்கிறார்கள். பாலத்துக்கு அது பலம். வாத்தியத்துக்கு அது நோய். சிகாகோத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் மாட்டுத்தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டினார்கள், ஐம்பது ஆண்டு கழித்துப் பாளையங்கோட்டையில் ஒருவர் அதை அவிழ்க்க முடிந்தது. போல்ட் போட்ட மகானின் வேலையை அவிழ்க்க நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இந்தப் பதிவு வசைப்பாட்டாகிவிடும்.

கழுத்தைக் கழற்றியது எங்கள் வீட்டுச் சமையலறையில். பதினைந்தாவது ஃபிரெட்டைச் சாலிடரிங் இரும்பால் சூடேற்றி, முனை தேய்த்த குறடால் மெல்லக் கிளப்பினோம். அதன் அடியில்தான் டவ்டெயிலுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு சிறு வெற்றிடம் இருக்கும். ஃபிரெட் இருந்த காடி வழியாக அதற்குள் ஒரு மெல்லிய துளை. குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டு, அந்த மூக்கில் சூடு தாங்கும் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் கால்பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி. இந்த உத்தி என் கண்டுபிடிப்பன்று, உலகம் முழுவதும் கிட்டார் செப்பனிடுகிறவர்கள் செய்வதுதான். ஃபிரெட்போர்டின் நுனியை இஸ்திரிப் பெட்டியால் முன்பே சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியால் மேற்பலகையிலிருந்து பிரித்து வைத்திருந்தோம். சுற்றிலும் ஈரத்துண்டு போட வேண்டும், இல்லாவிட்டால் ஆவி பட்டு வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. குக்கரை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது என்பதை அவர் போதுமான தடவை சொன்னார். அதில் தவறும் இல்லை. குழாய் எங்கேயாவது மடங்கி அடைத்துக்கொண்டால் ஆபத்துத்தான், அதனால் அவர் கண் கடைசிவரை குழாயை விட்டு அகலவில்லை.

சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கழுத்தின் அடிப்பகுதியில் பழுப்பாக நீர் கசிந்தது. கூடவே ஒரு வாடை, சந்தேகமில்லாமல் மிருக வாடை. அண்ணாச்சி உடலைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு கழுத்தை மேல்நோக்கி அசைத்தார். பலம் காட்டவில்லை, தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது போல ஆட்டினார். விட்டது.

அடுத்த வேலை கணக்கு டீச்சரான என் தொழில். கழுத்து எவ்வளவு பின்னால் சாய வேண்டும், அதற்கு அதன் அடிக்கட்டையில் எவ்வளவு மரம் சீவ வேண்டும்? கழுத்து உடலோடு சேரும் இடத்திலிருந்து சாடில் வரை 287 மில்லிமீட்டர். அடிக்கட்டையின் ஆழம் 95 மில்லிமீட்டர். பிரிட்ஜில் 4 மில்லிமீட்டர் உயர வேண்டும் என்றால், 4-ஐ 95-ஆல் பெருக்கி 287-ஆல் வகுத்தால் 1.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். அடிக்கட்டையின் கீழ்முனையில் இவ்வளவு; மேலே ஏற ஏறக் குறைந்து, ஃபிரெட்போர்டை ஒட்டிய இடத்தில் பூஜ்யம். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணங்கள், வேறொன்றும் இல்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையே ஒரு கணக்காகப் போட்டேன். "டீச்சர், இது புத்தகத்தில் இல்லை" என்றார்கள். கிட்டாரைக் கொண்டுவந்து காட்டிய பிறகு, கணக்கை விட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார்கள்.

கணக்கு ஒரு நிமிடம். சீவுவது பல சாயங்காலம். உளியால் பெரும்பங்கை எடுத்ததும், கழுத்தைப் பசையில்லாமல் பொருத்தி, இடுக்கில் உப்புத்தாள் பட்டையைச் செருகி, அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து இடமோ வலமோ திரும்பிவிடும். ஒவ்வொரு சில இழுப்புக்கும் ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணாச்சிக்குப் பொறுமை இருந்தது. எனக்கு விடைத்தாள் திருத்திப் பழகிய கண் இருந்தது.

வச்சிரம் நெல்லை டவுனில் கிடைத்தது, கட்டியாக. அண்ணாச்சியே அதைத் தொட்டு வெகு காலம் ஆகிவிட்டது. இப்போது எல்லோரும் வெள்ளைப் பசைதான். அவருடைய அப்பா வச்சிரச் சட்டியை அடுப்பை விட்டு இறக்கவே மாட்டாராம். இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் கட்டி உப்பி வழவழவென்று ஆகும். பிறகு நேரடியாக நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றால் நல்லது. கொதிக்கவிட்டால் பசை வலுவிழந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில், பசை ஆறி உறைவதற்குள் பூட்ட வேண்டும், அறையைச் சூடாக்குங்கள், மரத்தை விளக்கடியில் காயவையுங்கள் என்று பதறுவார்கள். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் அந்தப் பதற்றமே வேண்டியதில்லை. சுவரைத் தொட்டாலே சுடுகிறது. நிதானமாகப் பூசி, நிதானமாகப் பூட்டி, பட்டைக் கயிறு போட்டு இறுக்கி, உபரிப் பசையைச் சுடுநீர்த் துணியால் துடைத்தோம். எங்கள் வெயில் ஒரு காரியத்துக்கு உதவியாக இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெடிப்பும் அந்த வெயிலின் கொடைதான். சரியாகச் சொன்னால் வெயிலைவிடக் காற்றின் கொடை. ஆனி, ஆடியில் மலைக்கு மேற்கே மழை கொட்டும்போது இங்கே செங்கோட்டைப் பக்கத்துக் கணவாயைத் தாண்டி வரும் காற்று, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு, காய்ந்து வந்து எல்லாவற்றையும் உறிஞ்சும். ஸ்புரூஸ் பலகை அகலவாக்கில் சுருங்கும். ஓரங்கள் ஒட்டியிருப்பதால் நகர முடியாமல் நடுவில் பிளக்கும். பசையை ஊற்றி அடைப்பதற்கு முன்னால் பலகைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரத்துணி வைத்து, கிட்டாரோடு சேர்த்துத் துணி பீரோவில் பூட்டினேன். சில வாரங்களில் வெடிப்பு தலைமுடி அளவுக்கு மூடிக்கொண்டது. அதன்பின் பசை. உட்புறம் வெடிப்புக்குக் குறுக்கே சிறு சதுரத் துண்டுகளை ஒட்டித் தாங்கல் கொடுத்தோம். ஸ்புரூஸ் நம் ஊரில் வளராத மரம். தூத்துக்குடியில் துறைமுகத்துப் பெட்டி மரங்களை உடைத்து விற்கிற இடத்தில், நெருக்கமான ரேகையுள்ள பைன் பலகை ஒன்றைத் தேடி எடுத்து, 2 மில்லிமீட்டருக்கு இழைத்தார் அண்ணாச்சி. கை நுழையாத இடத்தில் துண்டை எப்படி அழுத்திப் பிடிப்பது? உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். நடுவில் மெழுகுத்தாள்.

பிரிட்ஜ் தேறவில்லை. எபாக்ஸியைச் சூடுபடுத்திச் சுரண்டி எடுத்தபோது மேற்பலகையின் நார் கொஞ்சம் அதோடு போனது. பிரிட்ஜோ முளைத்துளைகளின் வரிசையில் இரண்டாகவே பிளந்திருந்தது. புதிதாகச் செய்ய மாமனார் வீட்டு ஈட்டி மர நாற்காலியின் உடைந்த கை உதவியது. ஹார்மனிக்காரர்கள் போட்டிருந்தது பிரேசில் ஈட்டி. அந்த நாடு 1960-களின் இறுதியில் மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபோது மார்ட்டினே 1969-இல் நம் மேற்கு மலைத் தொடரின் ஈட்டிக்கு மாறியது. அன்றிலிருந்து உலகத்தின் நல்ல கிட்டார்களில் பாதிக்கு முதுகு நம் மலையிலிருந்து போனது என்றே சொல்லலாம். அந்த மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு அதில் ஒரு கிட்டார்கூட வரவில்லை. இப்போது ஈட்டி மர ஏற்றுமதிக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பழைய நாற்காலிக் கைகளை யாரும் தயவுசெய்து விறகுக்குப் போடாதீர்கள்.

பிரிட்ஜை எந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்குப் பழைய தடத்தை நம்பாமல் அளந்தேன். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் கம்பியின் கணித நீளம். அழுத்தும்போது கம்பி சற்று நீள்வதால் சுதி ஏறும். அதை ஈடுகட்ட சாடிலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும், தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. கணிதத்தில் சரியான இடம் காதுக்குத் தவறாக ஒலிக்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று. மாணவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

கம்பிகளைப் பிரிட்ஜில் பிடித்து நிறுத்தும் ஆறு முளைகளுக்காக அம்பாசமுத்திரம் போனேன். செங்கோட்டை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு போவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை, இருந்தாலும் கிடைத்தது. மரச் சொப்புச் சாமான் கடைகிற பட்டறைகள் அங்கே இன்னும் சில இருக்கின்றன. கடைசல்காரர் ஒருவரிடம் மாதிரி முளையைக் கொடுத்தேன். தலைக்குக் கீழே ஐந்தரை மில்லிமீட்டர், நுனியில் நாலரைக்கும் குறைவு, நடுவில் சீரான சரிவு.

"இது எதற்கு அக்கா? சதுரங்கக் காயா?"

சொன்னேன். கருங்காலியில் வேண்டும் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். கருங்காலி இப்போதெல்லாம் கழுத்தில் மாலையாகப் போவதற்கே போதவில்லையாம். குச்சி அளவுக்குக்கூட அவர் கைக்கு வருவதில்லையாம். நல்லவேளை, பையில் நாற்காலிக் கையின் மிச்சத் துண்டு இருந்தது. மோட்டார் சுழல, உளியை வைத்தார். அளவு பார்க்க அவர் பயன்படுத்தியது பலகையில் போட்ட ஒரு துளை மட்டும். முளை அதில் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. ஆறும் ஒன்றுபோல இறங்கின. என் வெர்னியர் காலிப்பரைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். கடைசியில் சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்து, "தலையில் ஒரு வளையம் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். போட்டுவிட்டார். சிகாகோவில் அப்படிக் கிடையாது. பரவாயில்லை, முளையைப் பிடுங்கினால் தீர்ந்தது.

நட்டும் சாடிலும் எலும்பு. மேலப்பாளையத்து இறைச்சிக் கடையில் மாட்டுத் தொடை எலும்பு வாங்கி, வேகவைத்து, கொழுப்பு நீக்கி, மொட்டை மாடியில் காயவைத்து, அறுத்துத் தேய்த்தேன். வேகவைத்த அன்று அடுத்த வீட்டிலிருந்து என்ன குழம்பு என்று கேட்டார்கள். கம்பியை முறுக்கிச் சுதி சேர்க்கும் கீ வரிசைக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதுமாக இருந்தது.

வண்ணப் பூச்சுக்குத்தான் எல்லோரும் மல்லுக்கு நின்றார்கள். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற உறவுக்காரர் ஒருவர், உப்புத்தாள் போட்டு ஒருமுறை ஸ்பிரே அடித்தால் புத்தம் புதிதாக ஆக்கிவிடுவதாகவும், காசே வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வார்னிஷில் வாய்க்கால் வரப்பு மாதிரி வெடிப்புகள் ஓடுகின்றன, அமெரிக்கப் பையனின் முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் ஒன்று வெளிறிக் கிடக்கிறது, சாரின் மகள் சின்ன வயதில் ஊசியால் கீறிய ஓர் 'அ' இருக்கிறது. நான் மாட்டேன் என்றேன். மேலே ஏற்றுகிற ஒவ்வொரு பூச்சும் பலகைக்குச் சுமை. சுமை கூடினால் ஒலி குறையும் என்று விளக்கமும் சொன்னேன். அது உண்மைதான், ஆனாலும் ஒலிக்காக மட்டும் நான் மறுக்கவில்லை. எபாக்ஸி சுரண்டிய இடத்துக்கு மட்டும் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பஞ்சில் தொட்டு, நாலைந்து தடவை பூசினோம். பக்கத்தில் வந்து பார்த்தால் திட்டு தெரியும். தெரியட்டும்.

கம்பி பதினொன்று அளவில் போட்டேன். ஏணிச் சட்டப் பலகையில் பன்னிரண்டு போட்டு மறுபடியும் 70 கிலோவைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. ஒலி எப்படி என்று கேட்கிறார்கள். பெரிய உடம்பு, ஆனால் முழங்காது. தட்டியதும் பளிச்சென்று வந்து, சீக்கிரம் அடங்கும். புதுக் கிட்டார்கள் மாதிரி ஒவ்வொரு சுரமும் இழுத்துக்கொண்டு நின்று அடுத்ததோடு குழம்புவதில்லை. ஒவ்வொரு கம்பியையும் தனியே மீட்டுகிற வாசிப்புக்கு இது ஏற்றது. கீர்த்தனைகளுக்குப் பின்னணி வாசிக்கும்போதுதான் இந்தக் குணத்தின் அருமை தெரிகிறது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்தே எங்கள் ஆலயங்களில் ராகத்தில் பாடுகிறோம், எங்கள் தலைமுறை அதன்மேல் மூன்று கார்டுகளை, அதாவது சேர்த்து மீட்டும் சுரக் கூட்டங்களை, போட்டு அமுக்கியது. சங்கராபரணம் என்றால் பொருந்தும், மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் அதுவும் ஒரே சுரங்கள்தான். தோடியில் ஒரு பாட்டு வந்தால் கார்டு வாசிக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதே மரியாதை. நீண்டு நிற்காத இந்தக் கிட்டாரில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மெல்லத் தட்டினால், பாடுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் சுதி கிடைக்கிறது.

சாருக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "அந்தப் பையன் வாசித்ததைவிடக் கொஞ்சம் தேவலை" என்றார். பிறகு அந்த 'அ'-வைக் காட்டச் சொன்னார்; மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார். அந்த அம்மாளுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும், தான் கீறவே இல்லை என்று சாதித்தார்.

பலகை இன்னும் அசைகிறது. அசையாமல் இருக்க அது ஒட்டுப்பலகையா என்ன. ஆடிக் காற்றில் மேற்பலகை சற்று உள்வாங்கிக் கம்பிகள் தாழ்ந்து, மூன்றாவது கம்பி ஃபிரெட்டில் உரசி இரைந்தது. ஐப்பசி அடைமழையில் பலகை ஈரம் குடித்து உப்பி, கம்பிகள் மேலே ஏறின. பிரிட்ஜில் ஒட்டாமல் சும்மா செருகி வைப்பது சாடில் ஒன்றுதான் என்பதால் தீர்வு எளிது: மிச்ச எலும்பில் இரண்டாவதாக ஒன்றை அரை மில்லிமீட்டர் தாழ்வாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். உயரமானது காற்றுக் காலத்துக்கு, தாழ்ந்தது மழைக் காலத்துக்கு. இரண்டிலும் பென்சிலால் மாதம் எழுதி, காம்பஸ் பெட்டியில் கோணமானிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இப்போது மாட்டியிருப்பது தாழ்ந்தது. தை பிறந்து பனி விலகியதும் மாற்ற வேண்டும்.